ஏழு வயசில் அக்குள் வாடை, நாலைந்து முடி – வயசுக்கு வரப்போகிறாளா?

செவ்வந்தி (தஞ்சாவூர்) – ஜூன் 4, இரவு 10.50

வீட்டில் யாரிடமும் நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மகளுக்கு ஏழு வயது இரண்டு மாதம். மார்ச்சிலிருந்தே பள்ளி வேனை விட்டு இறங்கும்போது அவளிடம் ஒரு வாடை. சின்னப் பிள்ளைகளின் வேர்வை லேசாகப் புளித்த மாதிரி இருக்குமே, அது இல்லை. பெரியவர்களின் அக்குள் வாடை. ஒருநாள் அவளே கேட்டாள்: "அம்மா, எம்மேல ஏன் அப்பா சட்டை மாதிரி வாடை அடிக்குது?"

போன வாரம் என் அம்மா அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். கீழே நாலைந்து முடி. பூனைமுடி இல்லை, கருப்பாகச் சுருண்டு இருக்கிறது. விஷயம் மாமியார் காதுக்குப் போய், அவர் என் தம்பிக்கு போன் போட்டு, "தாய்மாமன் சீருக்கு இப்பவே ஒரு சீட்டு போட்டு வை" என்று சொல்லிவிட்டார்.

ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குழந்தையைப் படுக்கவைத்துப் பார்க்கவும் இல்லை. "சீக்கிரம் வயசுக்கு வந்துடுவா, மாசம் ஒரு ஊசி போட்டு நிறுத்திடலாம்" என்றார். ஊசியின் விலையை ரிசப்ஷனில் சொன்னார்கள். கேட்டதும் கையில் இருந்த ஃபைலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்பில் எந்த மாற்றமும் இல்லை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் கருத்துக் கிடக்கிறது. கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா தெரியாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஆச்சி வீடு (காரைக்குடி) – ஜூன் 5, காலை 6.15

கண்ணு, முதலில் பிராய்லர் கோழியை நிறுத்து. எல்லாம் அந்த ஹார்மோன் ஊசி போட்ட கோழியால் வருவது. எங்கள் காலத்தில் பதினாலு, பதினஞ்சில்தான் பெரிய மனுஷி ஆவோம். நாட்டுக்கோழி கொடு, உளுந்தங்களி கிண்டிக் கொடு.

கூண்டுக்காரன் (பல்லடம்) – ஜூன் 5, காலை 8.40

ஆச்சி, கோவிச்சுக்காதீங்க, நான் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறவன். ஒரு ஷெட்டில் ஐயாயிரம் குஞ்சு. ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால் நான் பண்ணையை விற்றுவிட்டுத்தான் போகவேண்டும். கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுவது தலைமுறை தலைமுறையாக இனம் பிரித்து எடுத்ததாலும் தீவனத்தாலும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோழிக்கு ஹார்மோன் வைத்தார்கள், நிஜம்தான். 1959-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தொழிலைத் திட்ட வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேளுங்கள், தலை குனிந்துகொள்கிறேன். கோழிப் பண்ணைகளில் கொடுத்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-இல் அரசே தடை செய்தது. ஹார்மோனுக்காகத் திட்டு வாங்க முடியாது.

ஊசி போடாத டாக்டர் (மதுரை) – ஜூன் 5, மதியம் 2.20

குழந்தைநல மருத்துவன். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், என் நோயாளிகள் வைத்தது.

செவ்வந்தி, ஊசியை வேண்டாம் என்று வந்தது சரி. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் "வயசுக்கு வருவது" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இரண்டு தனித்தனிக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று மூளையிலிருந்து வருவது. பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை எழுப்பும், மார்பு வளரும், இரண்டு மூன்று வருடத்தில் மாதவிடாய் வரும். இன்னொன்று சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. அதன் வெளிப்பகுதியான புறணியின் உள்ளடுக்கு, பிறந்த பிறகு பல வருடம் தூங்கிவிட்டு, ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் மெதுவாக விழிக்கும். டிஹெச்இஏ, டிஹெச்இஏ-எஸ் என்ற வீரியம் குறைந்த ஆண் ஹார்மோன்களைச் சுரக்கும். வாடை, எண்ணெய் வழியும் தலை, ஒன்றிரண்டு பரு, முடி எல்லாம் இந்த இரண்டாவது குழாயின் வேலை.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு ஒரு சாட்சி: டர்னர் என்ற குரோமோசோம் குறைபாட்டோடு பிறக்கும் பெண்களில் பலருக்குச் சூலகம் வேலை செய்யாது, மார்பு தானாக வளராது. ஆனால் முடி வரும், அட்ரீனல் நன்றாக இருப்பதால். அந்த மாத ஊசி முதல் குழாயை அடைக்கிற ஊசி. உங்கள் மகளுக்குத் திறந்திருப்பது இரண்டாவதாக இருந்தால், வராத தண்ணீருக்கு அணை கட்டுகிற கதைதான்.

பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன், ஆண் பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன் இந்த அறிகுறிகள் வந்து, டிஹெச்இஏ-எஸ் வயதுக்கு மீறி இருந்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால்தான் "முன்கூட்டிய அட்ரீனல் விழிப்பு" என்று சொல்வோம். வேறு காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்துசேர வேண்டிய முடிவு இது. பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருந்து அட்ரீனல் வேறு பாதையில் போவது ஒன்று. காலை எட்டு மணி வாக்கில் இரத்தத்தில் 17-ஓஹெச் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மிக அபூர்வமாகக் கட்டி. அதில் எல்லாம் வேகமாக நடக்கும், குரல் தடிக்கும், அளவுகள் எங்கேயோ எகிறும். அப்புறம் வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஜெல் தடவுகிறார்களா என்றும் கேட்பேன். அப்பா தோளில் தடவிய ஜெல் குழந்தையைத் தூக்கும்போது ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-இல் இதற்காகவே மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது.

கழுத்துக் கருப்பைச் "சும்மா" சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். அது அழுக்கு இல்லை. இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடும்போது தோல் தடித்துக் கருக்கிறது. எலுமிச்சையை நிறுத்துங்கள், தோல் எரியும், அவ்வளவுதான் பலன்.

மூன்று கேள்வி. பிறந்த எடை எவ்வளவு, எத்தனை வாரத்தில் பிறந்தாள், இப்போது உயரமும் எடையும் என்ன?

செவ்வந்தி – ஜூன் 5, இரவு 9.30

டாக்டர் சார், ரொம்ப நன்றி. வீட்டில் ஜெல் எதுவும் இல்லை, கணவரிடம் கேட்டதற்கு முறைத்தார்.

38 வாரம், 2.1 கிலோ. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எலிக்குஞ்சு மாதிரி இருக்கே" என்றார்கள். பால் பத்தவில்லை என்று என்னைச் சொன்னார்கள். ஆறாம் மாதத்திலிருந்து சத்துமாவுக் கஞ்சியில் வெல்லமும் நெய்யும் போட்டு, வாயைத் திறக்காவிட்டால் மூக்கைப் பிடித்துக்கூட ஊட்டினோம். இரண்டு வயதில் "கொழுகொழு" என்று பெயர் வாங்கிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. காலை மாலை இரண்டு வேளையும் மால்ட் பவுடர் போட்ட பால், மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. இப்போது 123 செ.மீ., 27 கிலோ.

ஊசி போடாத டாக்டர் – ஜூன் 6, காலை 7.10

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எலிக்குஞ்சு என்று யாராவது சொன்னால் எந்த அம்மாவும் இதைத்தான் செய்வாள்.

பார்சிலோனாவில் லூர்தெஸ் இபான்யெஸ் என்ற மருத்துவரின் குழு 1998-இல் ஒரு முடிச்சை அவிழ்த்தது. சீக்கிரம் முடி வந்த பெண் குழந்தைகளில், பின்னால் இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடி நின்றவர்கள் பெரும்பாலும் எடை குறைந்து பிறந்தவர்கள். வயிற்றில் சிக்கனமாக வளர்ந்த உடம்பு, வெளியே வந்ததும் வேகமாகக் கொழுப்பைச் சேர்க்கிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காததால் கணையம் இன்னும் அதிகம் சுரக்கிறது. அதிக இன்சுலின் அட்ரீனலையும் தூண்டுகிறது. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் ஆண் ஹார்மோனைக் கட்டிவைத்திருக்கும், இன்சுலின் ஏறினால் அந்தப் புரதம் குறையும், கட்டவிழ்ந்த ஹார்மோன் உடம்பில் சுற்றும்.

நம் ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை. புனே கே.இ.எம். மருத்துவமனையில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். பிறந்த எடை இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. நம் பிள்ளைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த கொழுப்புக் குழந்தை என்று பெயர் வைத்தார். பார்க்க எலிக்குஞ்சு, உள்ளே சேமிப்புக் கிடங்கு. டெல்லியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து எடை பார்க்கப்பட்ட சுமார் 1,500 பேரின் கணக்கு 2004-இல் வந்தது. முப்பது வயது வாக்கில் சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், இரண்டு வயது வரை மெலிந்து இருந்து, அதன் பிறகு பன்னிரண்டு வரை படிப்படியாக எடை கூடியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் பெரும்பாலோரை யாரும் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இதைத்தான் நான் அம்மாக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 17.8. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணையில் பெரியவர்களின் 23-க்குச் சமமான அதிக எடைக் கோட்டைத் தாண்டிவிட்டாள், 27-க்கான உடல் பருமன் கோட்டைத் தொடவில்லை. ஒரு டேப் எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

கணக்குப்பிள்ளை (சேலம்) – ஜூன் 6, காலை 11.05

டாக்டர் சார், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. எட்டு வயதில் வரவேண்டியது ஏழில் வந்திருக்கிறது, அதற்கு ஒரு நீளமான பெயர், பத்து டெஸ்ட், ஆயுசுக்கும் பயம். குண்டான குழந்தைக்குக் குண்டால் வரும் பிரச்சினையை அட்ரீனல் கணக்கில் எழுதுகிறோமா? எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன?

ஊசி போடாத டாக்டர் – ஜூன் 6, மதியம் 1.50

கேட்க வேண்டிய கேள்வி. பின்லாந்தின் குவோபியோ ஊரில் இதைத்தான் செய்தார்கள். அறிகுறி வந்த குழந்தைகளையும் அதே வயது மற்றக் குழந்தைகளையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அறிகுறி வந்தவர்கள் உயரமும் எடையும் கூடியவர்கள், இன்சுலினும் கூடுதல். எடையைக் கணக்கிலிருந்து கழித்ததும் வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்தது. அங்கே பிறந்த எடைக்கும் பெரிய பங்கு தெரியவில்லை. பார்சிலோனாவில் பார்த்தவர்கள் நோயென்று மருத்துவமனைக்கு வந்தவர்கள், அதனால் அங்கே படம் கருப்பாகத் தெரிந்திருக்கலாம்.

ஆகவே நான் சொல்வது, அட்ரீனல் நோயை வரவழைக்கிறது என்பது இல்லை. அது காலிங் பெல். வாசலில் நிற்பது பெரும்பாலும் எடையும் இன்சுலினும். பெல்லை அடைக்க மருந்து தேட வேண்டாம், கதவைத் திறந்து யாரென்று பார்த்தால் போதும். டெஸ்ட் பத்தும் தேவையில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். மெலிந்த குழந்தை, வாடை மட்டும், முடி இல்லை, வளர்ச்சி சீராக இருக்கிறது என்றால் நான் ஒரு டெஸ்டும் எழுத மாட்டேன்.

குமரன் அப்பா (ஓசூர்) – ஜூன் 6, இரவு 8.20

பையன்களுக்கும் வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும். என் மகனுக்கு எட்டரை வயதில் முடி. பெங்களூரில் காட்டினோம். டாக்டர் மேஜையிலிருந்து ஒரு மணிமாலையை எடுத்தார். ருத்ராட்சம் போல வரிசையாக மரமணிகள், சின்னதிலிருந்து பெரிதுவரை, ஒவ்வொன்றிலும் எண். விதைப்பையை ஒரு கையால் தொட்டுப் பார்த்து, மறு கையால் மணியைத் தடவி ஒப்பிட்டார். நாலு மில்லி மணியை எட்டியிருந்தால் மூளையிலிருந்து பூப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். இவனுக்கு இரண்டு. "அட்ரீனல் மட்டும்தான்" என்றார். பையன் கேட்டது: "இந்த மாலையை வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

ஊசி போடாத டாக்டர் – ஜூன் 6, இரவு 9.00

அது பிராடர் மணிமாலை. சுவிட்சர்லாந்து டாக்டர் ஒருவர் 1966-இல் கொடுத்தது, இன்னும் அதைவிட மலிவான கருவி வரவில்லை. பையனுக்கு இந்த வயதில் முடி வந்தால் தொட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. முடி வந்தும் விதை சிறிதாகவே இருந்தால் அட்ரீனல் பக்கம் தேட வேண்டும் என்பதை அந்த மணிதான் சொல்கிறது.

மழைக்குருவி (சென்னை) – ஜூன் 7, காலை 5.45

எனக்கு வயது 31. ஆறு வயதில் இதே கதை, 1.9 கிலோவில் பிறந்தவள். அப்போது யாரும் எதுவும் பார்க்கவில்லை, அம்மா எனக்கு முழுக்கை சட்டை தைத்துப் போட்டார். பதினாறு வயதில் மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முகத்தில் முடி, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்றார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது. செவ்வந்தி அக்காவைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆறு வயதில் ஒருவர் கழுத்தைப் பார்த்து மால்ட் பாலை நிறுத்தச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

அந்த முழுக்கை சட்டைதான் இன்னும் மனசில் இருக்கிறது. பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள் அக்கா.

கடற்கரை வீடு (யாழ்ப்பாணம்) – ஜூன் 7, காலை 9.30

எங்கட பக்கமும் இதே பிரச்சினைதான். முடி கண்டவுடன பிள்ளை பெரிசாகப் போறாள் எண்டு சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பார்க்கத் தொடங்கிடுவினம். என்ர பெறாமகளுக்கு ஏழு வயசில முடி வந்தது, பெரிய பிள்ளையானது பன்னிரண்டு வயசில. ஐந்து வருசம் சும்மா பயந்ததுதான் மிச்சம்.

தேன்மொழி (கோவை) – ஜூன் 7, மதியம் 12.15

டாக்டர், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்தால் பின்னால் பிசிஓடி வராது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என் அக்கா மகளுக்கு எட்டு வயது, ஒன்று வாங்கிப் போடலாமா?

ஊசி போடாத டாக்டர் – ஜூன் 7, மதியம் 3.40

வேண்டாம். அந்த வீடியோவின் வேர் எனக்குத் தெரியும். அதே பார்சிலோனாக் குழு, குறைந்த எடையில் பிறந்து சீக்கிரம் முடி வந்த 38 சிறுமிகளை எடுத்து, ஒரு பாதிக்கு எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை மெட்ஃபார்மின் கொடுத்தது. அப்படிச் சீக்கிரமே மருந்து எடுத்தவர்களுக்குப் பின்னால் முகமுடியும் மாதவிடாய்க் கோளாறும் குறைவாக வந்தன. நல்ல சேதி, நான் மறுக்கவில்லை. ஆனால் 38 பேர், ஒரே ஊர். அதை வைத்து மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட முடியாது.

செவ்வந்தி – ஜூன் 24, இரவு 10.10

இங்கே கேட்டவர்களுக்காக வந்து சொல்கிறேன். திருச்சியில் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போனோம். முக்கால் மணி நேரம் பார்த்தார். மார்பைத் தொட்டுப் பார்த்து, கொழுப்புதான், மொட்டு இல்லை என்றார். இடது கைக்கு ஒரு எக்ஸ்-ரே, காலையில் வெறும் வயிற்றில் இரத்தம்.

எக்ஸ்-ரேயில் தெரிந்த எலும்பு வயது (எலும்பின் முதிர்ச்சி) எட்டு வருடம் ஒன்பது மாதம், அதாவது ஒன்றரை வருடம் முந்தி. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியான உயரத்துக்கு வந்துவிடுவார்கள், கவலை வேண்டாம் என்றார். டிஹெச்இஏ-எஸ் 92. நாற்பதைத் தாண்டினாலே அட்ரீனல் விழித்துவிட்டது என்று அர்த்தமாம், கட்டி என்றால் நூற்றுக்கணக்கில் எகிறுமாம். 17-ஓஹெச் 68. இருநூறுக்குக் கீழே இருந்ததால் நொதிக் குறைபாடு இல்லை. சர்க்கரை 88. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு மட்டும் 138, இந்த வயதுக்கு 100-ஐத் தொட்டாலே அதிகமாம். இடுப்பு 64 செ.மீ., உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது.

மருந்து எதுவும் இல்லை. எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. "அப்படியே நிற்கட்டும், உயரம் ஏறினால் கணக்கு தானாகச் சரியாகும்" என்றார். மால்ட் பவுடர் டப்பாவை மாமியார் முன்னால்தான் எடுத்து வைத்தேன். "சத்து பானம்னு டிவில சொல்றாங்களே" என்றார். அப்படி விற்காதே என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு 2024-இல் சொன்னதைக் காட்டினேன், அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. காலையில் வெறும் பால், மாலையில் சுண்டல் இல்லையென்றால் வேகவைத்த முட்டை. சாதம் ஒரு கரண்டி குறைந்து காய் ஒரு கரண்டி ஏறியிருக்கிறது. முதல் வாரம் வீட்டில் யுத்தம்.

வாடைக்கு: காலை மாலை அக்குளைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பருத்தி உள்சட்டை. பள்ளிச் சட்டையை ஒருநாள்கூட இரண்டாம் முறை போடவிடுவதில்லை. வேனில் யாரோ ஒரு பையன் ஏதோ சொன்னானாம், "எனக்கு அட்ரீனல் சீக்கிரம் எழுந்துடுச்சு, உனக்கு இன்னும் தூங்குது" என்று பதில் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, டாக்டர் அவளிடமே நேராகப் பேசினார்.

தம்பி முதல் மாதச் சீட்டுப் பணத்தைக் கட்டியேவிட்டான். என்ன செய்வதென்று கேட்டான், ஒரு சைக்கிள் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். சீர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆச்சி வீடு – ஜூன் 25, காலை 6.05

சைக்கிள் நல்லதுதான் கண்ணு. நாட்டுக்கோழியையும் விட்டுடாதே.

கூண்டுக்காரன் – ஜூன் 25, காலை 8.15

ஆச்சி!

ஊசி போடாத டாக்டர் – ஜூன் 25, மதியம் 2.30

நடுவில் மார்பில் மொட்டு தெரிந்தாலோ, ஆறு மாதத்தில் உயரம் ஐந்து செ.மீ.க்கு மேல் பாய்ந்தாலோ டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். உயரத்தை ஒவ்வொரு முறையும் அதே சுவரில், செருப்பையும் கொண்டையையும் கழற்றிவிட்டு அளங்கள். போன மாதம் ஒரு குழந்தை கொண்டை போட்டதிலேயே இரண்டு செ.மீ. வளர்ந்துவிட்டது.